காய்ச்சல் தேடி வந்த மீன்கள்

மார்கழிப் பனி இறுகிப்போன ஒரு நாளில், வெயில் தென்னை உச்சிக்கு ஏறிய பிறகு, தென்பாதிமங்கலம் கோரைக்குளத்து மீன்கள் கரையேறிக் காலனித் தெருவுக்குள் வந்தன. கட்லா முன்னால் வந்தது, ரோகு அதன் பின்னால் வந்தது, மிர்கால் வாய்க்கால் ஓரமாகவே வந்தது. மார்புத் துடுப்புகளை ஊன்றி, வயிற்றை இழுத்து, கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் நின்று வாயைத் திறந்து மூடி, ஈரம் காயாமலிருக்க ஒன்றையொன்று உரசிக்கொண்டு, அறுப்புக் காலத்தில் கூலி கேட்டுப் போகிற சனத்தைப்போல அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் வந்தன. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். நாய்கள் எழுந்து பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டன.

சங்கக் கொட்டகை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த காத்தாயி முதலில் பார்த்தது வரிசையைத்தான். அறுபதைத் தாண்டிய பிறகும், ஓர் ஊர்வலத்தைப் பார்த்தால் அதில் கூட்டம் எவ்வளவு என்பதற்கு முன்னால் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் பழக்கம். நோயாளிகள் நடுவில் வந்தார்கள், பலமுள்ளவர்கள் ஓரத்தில் வந்தார்கள், பின்தங்கியவர்களுக்காக முன்னால் போனவர்கள் நின்றார்கள். நல்ல ஊர்வலம் என்று நினைத்தாள். பிறகுதான் அவை தன் குளத்து மீன்கள் என்பது உறைத்தது.

கோரைக்குளம் சும்மா வந்த குளம் இல்லை. வெட்டியவர்கள் காலனிக்காரர்கள், கோடைதோறும் தூர் வாரியவர்கள் காலனிக்காரர்கள், மீன் மட்டும் தலைமுறை தலைமுறையாக நடுப்பண்ணை வீட்டுக்குப் போயிற்று. அந்தக் குளத்துக்காகத்தான் காத்தாயி கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள், அதற்கும் முன்னால் கூலிக்காக வயலில் உட்கார்ந்தாள், இரண்டு தடவையும் ஜெயிலுக்குப் போனாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே துண்டுப் பிரசுரங்களில்தான் என்பதால் அவளுக்கு 'அ' என்றால் அநீதி, 'ஆ' என்றால் ஆதிக்கம். அம்மாவும் ஆடும் பிறகுதான் வந்தன. கடைசியில் பெண்கள் சங்கத்துக்குக் குளம் குத்தகைக்குக் கிடைத்தபோது பேப்பரில் வந்த படத்தில் கட்சிச் செயலாளர் இருந்தார், தாசில்தார் இருந்தார், பின்னால் குளம்கூட இருந்தது, காத்தாயி இல்லை. இப்போதும் மாநாடு என்றால் அவளைக் கூப்பிடுவார்கள். மைக்செட்டுக்காரன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்த பிறகு பேசச் சொல்வார்கள். அவளும் பேசிவிட்டுத்தான் வருவாள், ஒயர் இல்லாவிட்டாலும் அந்தக் குரலுக்குக் குறைவில்லை.

இந்த வருடம் மீன் எடுக்காத சங்கங்களின் குத்தகையை ரத்து செய்து குளத்தைப் பொது ஏலத்துக்கு விடப்போவதாகப் புது உத்தரவு வந்திருந்தது. பொது ஏலம் என்றால் நடுப்பண்ணை வரதராசு என்று அர்த்தம். தை பிறந்ததும் வலை போட வேண்டும். அதற்குள் வந்துவிட்டது நோய். குஞ்சு விடும்போது ஆசைப்பட்டுக் கூடுதலாக விட்டிருந்தார்கள். ஒரே அறையில் ஊரை அடைத்தால் மனுசருக்கு என்ன வருமோ அதுதான் மீனுக்கும் வந்தது. வாய்க்கால் தண்ணீரோடு வந்த கிருமி பனிக்காலம் பார்த்து ஏறிக்கொண்டது. செதிலுக்கடியில் சிவப்புப் புள்ளி, பிறகு புண், பிறகு துடுப்பு அரித்துப் போவது, பிறகு வயிறு உப்பி மல்லாந்து மிதப்பது. காலையில் கரையில் போய் நின்று வெள்ளை வயிறுகளைப் பார்க்கும்போதெல்லாம் காத்தாயிக்கு வரதராசுவின் பல்தான் ஞாபகம் வந்தது.

கரையேறிய மீன்கள் வீடுகளுக்குள் போயின. யார் வீடு என்று பார்க்கவில்லை. எங்கே சூடு இருக்கிறதோ அங்கே போயின. சோறு வடித்து இறக்கிய அடுப்பின் சாம்பலோரம் படுத்துக்கொண்டன. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் நுழைந்துகொண்டன. அடைக்கோழி எழுந்து இடம்விட்டு, முட்டைகளோடு ஒரு மிர்காலையும் சேர்த்து மூடிக்கொண்டது. டீக்கடை பாய்லருக்குப் பின்னால் ரோகு இரண்டு சாய்ந்து நின்றன, கடைக்காரர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்ச் சீனி எடுத்தார். பத்து மணி பஸ் வந்து நின்றதும் எஞ்சினுக்கு அடியில் கூட்டமாகப் போய்ப் படுத்துவிட்டதால் டிரைவர் குனிந்து பார்த்துத்தான் எடுத்தார், அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். சத்துணவுக்கூடத்தில் அரிசி களைந்த தண்ணீரைச் சுட வைத்து அண்டாவில் ஊற்றி அதில் நான்கைந்தை விட்டிருந்தார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு மீனையும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எதிர்வீட்டுச் செம்பாயிதான் முதலில் வாசலில் வேப்பிலை சொருகினாள். செம்பாயி சங்கத்துப் பொருளாளர், காத்தாயியோடு போலீஸ் வேனில் ஏறியவள், சாமி விஷயத்தில் மட்டும் அவளோடு எந்தக் காலத்திலும் ஒத்துப்போகாதவள்.

"ஆத்தாதான். பாக்கத் தெரியலையா, முத்துப் போட்டுருக்கு" என்றாள்.

"மீனுக்கு ஏதுடி ஆத்தா?"

"ஒனக்கே ஏதுன்னுதான் சொல்லுவ. சாமி பேரை வச்சிட்டாருன்னு பெத்த அப்பன்கிட்ட கடைசி வரைக்கும் சண்டை புடிச்சவதானே நீ."

காத்தாயி என்பது அந்தப் பக்கத்துச் சாமியின் பேர். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கட்சியில் ஒரு பேர் கொடுத்தார்கள், அந்தப் பேரைத் தெருவில் ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் காலனி முழுக்க வேப்பிலை ஏறிவிட்டது. ஆத்தா இறங்கிய வீட்டில் என்ன செய்வார்களோ அதையெல்லாம் மீனுக்குச் செய்தார்கள். தாளிப்பு நின்றது, அடுப்பு அவிந்தது, ராத்திரிச் சோற்றை ஊர்க்கோடியில் பொதுவாகப் பொங்கிப் பகிர்ந்துகொண்டார்கள். தரையை மெழுகிக் குளிரவிட்டு அதில் வாழையிலை போட்டு மீனைக் கிடத்தினார்கள். இளநீர் ஊற்றினார்கள், மோர் ஊற்றினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், வேப்பங்கொத்தால் ஓயாமல் வீசினார்கள். சொந்தப் பிள்ளைக்கு வந்தபோதுகூட இவ்வளவு பொறுமை காட்டாதவர்கள் எல்லாம் மீன்தானே என்று சலித்துக்கொள்ளாமல், ஆத்தா எந்த உடம்பில் வந்தால் என்ன, வந்தது ஆத்தாதானே என்று மாற்றி மாற்றி விழித்திருந்து வீசினார்கள். விடிந்தபோது அதிகம் வீசிய வீடுகளில்தான் மீன்கள் அதிகம் செத்திருந்தன.

காத்தாயி வேப்பிலையும் சொருகவில்லை, வீசவும் இல்லை. அவள் செய்த தப்பு வேறு. சங்கத் தலைவி என்கிற முறையில், குளத்து மீன் குளத்தில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, பார்த்த மீனையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டாள். விட்டவை மறுநாள் வெயில் ஏறியதும் திரும்பி வந்தன. மறுபடியும் அள்ளினாள். மறுபடியும் வந்தன. அவற்றில் மேலுதடு கிழிந்த ஒரு கட்லா இருந்தது, எப்போதோ தூண்டிலில் இருந்து தப்பியது. பெரியது, வயதானது, உடம்பெல்லாம் புண். அது அவள் வீட்டைத் தவிர வேறு வீட்டுக்குப் போகவே இல்லை.

காத்தாயியின் புருசன் மாசிலாமணி மாரியம்மன் கோயிலுக்குப் பறை அடிக்கிறவர். தாலி இல்லாமல், மேடையில் மாலை மாற்றிக்கொண்டு நடந்த கல்யாணம் அது. கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை கோயிலுக்குப் போய் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவள் அவரைப் பக்தரே என்று கூப்பிடுவாள், அவர் அவளைத் தோழரே என்று கூப்பிடுவார். கிண்டலாகத் தொடங்கியது, நாள்பட நாள்பட வேறு பேர் வாயில் வராமல் போயிற்று.

ஊருக்கே ஆத்தா வந்திருக்கிறாள் என்பதால் கோயிலில் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். மாசிலாமணி வாசலில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். உதடு கிழிந்த கட்லா வந்து, தீக்கு எவ்வளவு பக்கத்தில் வரலாமோ அவ்வளவு பக்கத்தில் வந்து, புண்ணுள்ள பக்கத்தைத் தீயின் பக்கமாகத் திருப்பிப் படுத்துக்கொண்டது. காத்தாயி அன்னக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அதைத் தலையிலும் வாலிலுமாகப் பிடித்துத் தூக்கினாள்.

"அது இங்கயே இருக்கட்டும், தோழரே" என்றார் மாசிலாமணி.

"குளத்துல இருக்க வேண்டியது குளத்துல இருக்கணும்."

"நீ கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒக்காந்தப்ப கலெக்டரும் இதைத்தான் சொன்னான். வயல்ல இருக்க வேண்டியவ வயல்ல இருக்கணும்னு."

காத்தாயி கையிலிருந்த மீனைப் பார்த்தாள். அது துள்ளவில்லை, துடிக்கவில்லை. கனமாக, தொய்வாக, தூக்குகிறவனுக்கு ஓர் உதவியும் செய்யாமல் கிடந்தது. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். போலீஸ் தூக்கும்போது உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்துப் பெண்களுக்கு அவளேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: திமிறாதே, தளர விடு, உன் கனம் முழுவதையும் அவன் சுமக்கட்டும். நடவு வயலில் அவளைக் கையிலும் காலிலுமாகப் பிடித்து வேனுக்குக் கொண்டுபோனபோது அவள் இப்படித்தான் கிடந்தாள். இப்போது தூக்குகிற கை அவளுடையதாக இருந்தது. மீனை இருந்த இடத்திலேயே, அதே பக்கமாகத் திருப்பிக் கிடத்தினாள். கை முழுக்க அதன் வழவழப்பு ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை.

மறுநாள் மீன்வளத் துறை ஜெசிந்தா ஸ்கூட்டரில் வந்தார். சின்னப் பெண், கடலோரத்துக்காரி, மீனைப் பற்றிப் பேசும்போது சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார். தெருவில் கிடந்த மீன்களைப் பார்த்து, நடந்தா வந்தது என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். எந்த நேரம் என்று கேட்டார். வெயில் ஏறிய பிறகு என்றார்கள். அதானே, விடியற்காலையில் கிளம்பியிருக்காதே என்று சொல்லிவிட்டுச் செத்துப்போன ரோகு ஒன்றை வாங்கிச் சங்கக் கொட்டகையில் வைத்து அறுத்துக் காட்டினார். மண்ணீரல் வீங்கிக் கறுத்திருந்தது. தலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சிவந்த சதையைக் கத்தி முனையால் தொட்டு, இதுதான் ஆள் திரட்டுகிற இடம் என்றார். மனுசருக்கு எலும்புக்குள் இருக்கிற பட்டறை மீனுக்கு இங்கே இருக்கிறது. வெள்ளை அணுக்கள் இங்கிருந்து கிளம்பிப் போய்க் கிருமியைப் பிடித்து விழுங்கும், விழுங்கிவிட்டுத் தானும் சாகும். அதற்கு முன்னால் இருக்கிற முதல் வேலி மேலே இருக்கும் வழவழப்பு. இந்த வழவழப்பு வெறும் அழுக்கு இல்லை, கிருமியைக் கொல்கிற சரக்கெல்லாம் அதில் இருக்கிறது. மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டால் வேலியைப் பிடுங்கிய மாதிரி.

"சரி, வெளியில ஏன் வருதுங்க?" என்று காத்தாயி கேட்டாள்.

"காய்ச்சலுக்கும்மா. நமக்குக் கிருமி ஏறுனா ஒடம்பு தன்னால கொதிக்குது. அந்தச் சூட்டுலதான் வெள்ளை அணு வேகமா வேலை செய்யும். மீனுக்கு உள்ளுக்குள்ள அடுப்பு கெடையாது. தண்ணி குளுந்தா அதுவும் குளுந்துடும். காய்ச்சல் வேணும்னா சூடான எடத்தைத் தேடிப் போய்த்தான் வாங்கிக்கணும். ஒங்க குளத்துல இந்தப் பனியில சூடான மூலையே கெடையாது. அதான் ஒங்ககிட்ட வந்திருக்குதுங்க."

"அப்ப இது நோயில்ல, எதிர்ப்பு."

"நோயுந்தாம்மா. எதிர்ப்புந்தான்."

தீவனக் கடைக்காரன் மருந்து மூட்டையோடு வந்து நிற்கிறானே என்று கேட்டதற்கு, தின்றால்தானே மருந்து உள்ளே போகும், வாயையே திறக்காமல் கிடக்கிறவைகளுக்கு எதைக் கலந்து என்ன என்றார் ஜெசிந்தா. அவை ஏற்கெனவே கிளம்பிவிட்டன, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சூட்டை மட்டும் கலைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் எஞ்சினில் ஒண்டியிருந்த இரண்டு மிர்கால்களை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

காத்தாயி அன்றைக்கே சங்கத்தைக் கூட்டினாள். வேப்பிலையை எடுங்கள், வீசுவதை நிறுத்துங்கள், அடுப்பை மூட்டுங்கள் என்றாள். ஜெசிந்தா சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னாள், தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள், குரல் நன்றாகவே இருந்தது, கை தட்டத்தான் ஆளில்லை. இது போனால் குளம் போகும், குளம் போனால் வரதராசு வருவான் என்றபோது எல்லாரும் தலையசைத்தார்கள். அடுப்பு என்றபோது தலை நின்றுவிட்டது.

"ஆத்தா வந்த வீட்ல அடுப்பை மூட்டி, நாளைக்கு எம் பேத்திக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ வந்து பிரசுரம் படிப்பியா?" என்று கேட்டாள் செம்பாயி. யாரும் சிரிக்கவில்லை. லத்தி விழுந்தபோது தன் பின்னால் நின்றவர்கள், தன் ஒரு சொல்லுக்கு அறுவடையை நிறுத்தியவர்கள், ஓர் அடுப்பை மூட்ட மாட்டோம் என்கிறார்கள் என்பதைக் காத்தாயி மென்று விழுங்கப் பார்த்தாள், விழுங்க முடியவில்லை. வருடக் கணக்காக அவர்கள் சாமியை அவர்கள் வாசலிலேயே நின்று ஏசியவள் அவள். அவள் சொல்லித்தான் அவர்கள் கலெக்டரை நம்பவில்லை. ஆத்தாளை நம்பாதே என்றபோது கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். மாசிலாமணி கட்லாவைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மீனின் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அவரும் வியர்த்திருந்தார்.

"ஆத்தாளுக்குக் குளுமை மட்டுமா குடுக்குறோம்?" என்றார், அவள் ஒன்றும் கேட்காமலே. "தீச்சட்டி எடுக்குறோமே, அது என்ன எளநியா?"

"ஒங்க சாமிக்கு ரெண்டும் வேணுமாக்கும்."

"எங்க சாமி ஏழைப் பொம்பளை மாதிரி. எது கெடைக்குதோ அதை வாங்கிக்கும்."

அவள் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "சரி, எடுங்க. ஒவ்வொரு வாசலா போய் நெருப்பைக் குடுத்துட்டு வாங்க."

"நான் எடுத்தா, மாசிலாமணி வருசா வருசம் எடுக்குறதுதானேன்னு ஒரு கும்புடு போட்டுட்டு உள்ள போயிடுவாங்க. நீ எடுத்தா அடுப்பை மூட்டுவாங்க."

திருநீற்றுக் கையை நீட்டினால் நெற்றியைத் திருப்பிக்கொள்கிற பெண்பிள்ளை காத்தாயி. அம்மன் ஊர்வலம் வாசலுக்கு வந்தால் வேண்டுமென்றே துணி துவைப்பவள். அதற்காகப் பெற்ற தாயிடம் பேச்சை இழந்தவள். அந்த வீம்பு ஒன்றைத்தான் கட்சியாலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை, போலீசாலும் பிடுங்க முடியவில்லை. மடியில் கிடந்த கட்லா வாயைத் திறந்து மூடிற்று. அவள் சாக்கை விலக்கி அதன் விலாவில் கை வைத்துப் பார்த்தாள்.

"மஞ்ச சேலை கட்ட மாட்டேன். செவப்புதான்."

"ஆத்தாளுக்குச் செவப்பும் புடிக்கும்."

"சட்டிக்கு அடியில வேப்பிலை வச்சுப் புடிக்க மாட்டேன்."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். "சுடும், தோழரே."

"சுடட்டும். நெருப்புன்னா சுடணும்."

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில், மாநாட்டுக்குக் கட்டுகிற சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு, கனன்று எரிகிற சட்டியை வெறுங்கையில் ஏந்திக் காத்தாயி தெருவில் இறங்கினாள். மாசிலாமணி முன்னால் பறை அடித்துக்கொண்டு போனார். கதவுகள் திறந்தன. கும்பிட வந்தவர்கள் கும்பிட மறந்து நின்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவள் நின்று, ஆடாமல், அருள் வந்ததுபோல் முனகாமல், கூலிக் கோரிக்கையைச் சொல்கிற அதே குரலில், "அடுப்பை மூட்டுங்க" என்றாள். கொட்டாங்கச்சியை நீட்டி ஒவ்வொருவராக நெருப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சட்டியில் ஒரு கங்கு குறைந்தால் கையில் ஒரு கொப்புளம் கூடிற்று. அவள் நடையை மாற்றவில்லை.

கடைசி வீடு செம்பாயியுடையது. அவள் கொட்டாங்கச்சியோடு வரவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். சட்டியைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். தோல் கருகிய வாடை வந்தது.

"ஆத்தா எறங்குனா சுடாதே" என்றாள்.

"எறங்கல" என்றாள் காத்தாயி. "சுடுது. அடுப்பை மூட்டு."

செம்பாயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேனில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மண்டை ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தபோது அந்த முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பொய் சொல்லத் தெரியாத முகம், அதனாலேயே எந்தப் பதவிக்கும் போக முடியாத முகம். செம்பாயி சட்டென்று தன் முந்தானையைச் சுருட்டிச் சட்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த நெருப்பு முழுவதையும் தன் அடுப்பில் கொட்டினாள்.

அதன் பிறகு அந்தத் தெருவில் பனி இறங்கவில்லை. எல்லா அடுப்பும் எரிந்தன, உமிச்சட்டிகள் புகைந்தன, அண்டாக்களில் வெதுவெதுப்பான தண்ணீர் நின்றது. மற்ற ஊர்களில் மார்கழி நடந்துகொண்டிருக்க, காலனித் தெருவுக்கு மட்டும் சித்திரை வந்திருந்தது. சுவர்கள் வியர்த்தன. கம்பளி விற்க வந்தவன் தெருமுனையிலேயே சட்டையைக் கழற்றிக்கொண்டு திரும்பிப் போனான். கோயில் வாசல் வேம்பு பருவம் தப்பிப் பூத்தது. மீன்கள் காய்ச்சலில் கிடந்தன. பக்கத்தில் படுத்தவர்களுக்கு அந்தச் சூடு தெரிந்தது, அவற்றின் உள்ளே ஏதோ கூட்டம் நடப்பதுபோல ஒரு மெல்லிய நடுக்கம் தெரிந்தது. வழவழப்பு கெட்டியாக ஊறிற்று. சிவந்த புண்கள் ஓரத்தில் வெளுத்தன. விழுங்கிச் செத்த அணுக்கள்தான் அந்த வெள்ளை என்று ஜெசிந்தா சொல்லியிருந்தார். காத்தாயி வெந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்தாள். பேரில்லாமல் போனவர்கள், படத்தில் வராதவர்கள் என்று நினைத்து முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். உடனே, மீனுக்குப் போய் அழுவதா என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்தவை அதிகம்.

பொங்கலுக்கு முன்னால் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார், வரதராசு மோட்டார் சைக்கிளில் வந்தான். கோரைக்குளத்தில் மீனே இல்லையென்று மனு போயிருந்தது. சோதனைக்கு வலை போட்டார்கள். பாசி வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது, அடுத்த வீச்சில் பாசி மட்டும் வந்தது. வரதராசு அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டு கரையில் நின்றான். அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்போது தெருப்பக்கம் பறைச் சத்தம் கேட்டது.

காய்ச்சல் விட்டிருந்தது. விட்டதும் அவையாகவே கிளம்பிவிட்டன. கட்லா முன்னால் வந்தது, ரோகு பின்னால் வந்தது, மிர்கால் வாய்க்கால் ஓரமாக வந்தது. புண் ஆறிய இடங்களில் புதுச் செதில் மின்ன, வயிற்றை இழுக்காமல், நின்று நின்று மூச்சு வாங்காமல் வந்தன. பக்கவாட்டில் அந்தந்த வீட்டுக்காரர்கள் வழியனுப்ப வந்தார்கள். மாசிலாமணி அடித்துக்கொண்டு வந்தார். ஜீப்பின் சக்கரங்களுக்கு நடுவிலும் அதிகாரியின் பூட்சுக்கு நடுவிலும் நுழைந்து அவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. அதிகாரி ஒரு காலைத் தூக்கி வழிவிட்டு, அந்தக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

தெருவில் வந்த மீன் பொது இடத்து மீன்தானே, அதைச் சங்கத்து மீன் என்று எப்படிச் சொல்வது என்று வரதராசு கேட்டான். அதிகாரி காத்தாயியைப் பார்த்தார்.

"அதுங்களையே கேட்டுப் பாருங்க" என்றாள் அவள், கட்டுப் போட்ட கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு. "பக்கத்துல நடுப்பண்ணைக் குளமும் இருக்கு. அங்க எறங்கச் சொல்லுங்க."

அதிகாரி தண்ணீரைப் பார்த்தார். குளம் கொதிப்பதுபோல் துள்ளிக்கொண்டிருந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தை மாதம் வலை போட்டார்கள். அவரவர் வீட்டு மீனை அவரவர்க்குத் தழும்பு வைத்து அடையாளம் தெரிந்தது, இருந்தாலும் விற்றார்கள், வளர்த்தது அதற்குத்தான் என்பதில் காத்தாயிக்குக் குழப்பம் இல்லை. உதடு கிழிந்த கட்லாவையும் அதோடு காய்ச்சலில் கிடந்து தேறிய மூத்த மீன்கள் சிலவற்றையும் மட்டும் குளத்திலேயே விட்டுவிடச் சொல்லியிருந்தார் ஜெசிந்தா. ஒருதரம் எதிர்த்து நின்ற உடம்பு எதிரியின் முகத்தை மறக்காது, இவை தாய்மீனாக இருக்கட்டும் என்றார்.

அடுத்த மார்கழியில் அதே கிருமி அதே வாய்க்காலில் வந்தது. நடுப்பண்ணைக் குளத்தில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. கோரைக்குளத்தில் உதடு கிழிந்த கட்லாவும் மற்ற மூத்த மீன்களும், வெயில் ஏறியதும் கரையோரம் வந்து வரிசையாக நின்றன. காலனிச் சனம் அடுப்பை மூட்டத் தயாராக நின்றது. மீன்கள் எதையோ நினைவுபடுத்திக்கொள்வதுபோலச் சற்று நேரம் நின்றுவிட்டு, வரத் தேவையில்லை என்று தெரிந்ததும் ஆழத்துக்குத் திரும்பிப் போய்விட்டன. ஒன்றுகூட மிதக்கவில்லை.

அதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்கக் கதை வேறு மாதிரி ஆகியிருந்தது. காத்தாயி மீது ஆத்தா இறங்கினாள், நெருப்பு அவள் கையில் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது, ஒரு கொப்புளம்கூட இல்லை என்று எங்கெங்கோ இருந்து பார்க்க வந்தார்கள். சுட்டது ஐயா, சுட்டது, பாருங்கள் என்று அவள் தழும்பேறிய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவாள். வந்தவர்கள் பயபக்தியோடு அந்தத் தழும்புகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். செம்பாயியே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கருகிய வாடையை மூக்கால் பிடித்தவள் அவள். கேட்டால், ஒரு வருசத்துக்கு முன்னால் நடந்தது யாருக்குத் தெரியும் என்றாள்.

அப்படி ஒரு கூட்டத்தை அனுப்பிவிட்டு, பேசிப் பேசித் தொண்டை வறண்டு, காத்தாயி குளத்துப் படியில் வந்து உட்கார்ந்தாள். மாசிலாமணி இரண்டு படி மேலே உட்கார்ந்தார். சட்டி சுட்டதுகூட இந்தச் சனத்துக்கு நினைவில்லை, இவர்களுக்காகவா அத்தனை வருடம் தெருவில் நின்றேன் என்று அவள் பொரிந்து தள்ளினாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், அதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. சலித்துப்போய் அவள் கைகளைத் தண்ணீரில் விட்டாள். ஆழத்திலிருந்து ஒரு நிழல் எழும்பி வந்தது. உதடு கிழிந்த கட்லா அவள் உள்ளங்கைக்கு வந்து, ஒரு கையின் தழும்பை வாயால் தடவிற்று, பிறகு மறு கையின் தழும்பைத் தடவிற்று, வழவழப்பை இரண்டிலும் பூசிவிட்டு அங்கேயே நின்றது.

"அதுக்குத் தெரியும், தோழரே" என்றார் மாசிலாமணி.

"என்ன தெரியும்?"

"சுட்டுச்சுன்னு."